நூதனசாலைப் பொறுப்பதிகாரி ஐயாவுக்கு: அந்தப் பலகையில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது

வணக்கம் ஐயா.

உங்கள் நூதனசாலையின் பெயரைப் போடாமல்தான் இந்த மடலை எழுதுகிறேன். கரையோரப் பட்டினம், முகாமோடு ஒட்டிய பழைய கட்டடம், வாசலில் இரண்டு பீரங்கி, புல்வெளி ஓரமாக வரிசைக்கு வெள்ளையடித்த கல் என்று சொன்னால் இந்த நாட்டில் நாலைந்து இடத்துக்காவது பொருந்தும். ஆகவே படை நூதனசாலை நடத்துகிற மற்றவர்களும் இதைத் தங்களுக்கு வந்த மடலாகவே எடுத்து வாசிக்கலாம். யாரையும் மாட்டிவிட எழுதவில்லை, அங்கே எங்களை நன்றாகத்தான் கவனித்தார்கள்.

போன பள்ளிக்கூட விடுமுறையில் வந்தோம், நான், என் மகன், என் அப்பா. கொட்டாஞ்சேனையிலிருந்து விடியற்காலை மூன்றரைக்கு வானில் ஏறினால் உங்கள் வாசலுக்கு வரப் பத்தரை ஆகிவிட்டது, நடுவில் ஒரு பிளேன்டீக்கும் அப்பாவின் முழங்காலுக்கும் மட்டும்தான் நிறுத்தினோம். அப்பாவுக்கு 83 வயது. முதலில் வரமாட்டேன் என்றுதான் சொன்னார். "சண்டையப் பாக்க காசு குடுத்து வேற போகணுமா, நாங்க பாக்காத சண்டையா" என்று கேட்டார். அங்கே 1942ஐப் பற்றி ஒரு அறை இருக்கிறதாம் என்று மகன் சொன்னதும் ஒன்றும் பேசாமல் போய் இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து வைத்துக்கொண்டார். அந்தச் சட்டைப் பையில் என்ன இருந்தது என்பது எனக்கு அங்கே வந்த பிறகுதான் தெரியும், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் சின்ன விஷயத்தை முடித்துவிடுகிறேன். இரண்டாவது அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் நிலத்தில் புதைக்கிற வெடிகளை அடுக்கி வைத்திருக்கிறீர்கள். மேலே சிங்களத்தில் பெரிதாக, அதற்குக் கீழே தமிழில் கொஞ்சம் சிறிதாக, அதற்கும் கீழே ஆங்கிலத்தில். தமிழில் "கன்னிவெடிகள்" என்று இருக்கிறது. ஐயா, அது கண்ணிவெடி. கண்ணி என்றால் பொறி, விலங்குக்கும் பறவைக்கும் வைக்கிறது. கன்னி என்றால் கலியாணம் ஆகாத பெண். என் மகன் பதினொரு வயசுப் பையன், அவன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான், பக்கத்தில் நின்ற பிள்ளைகளுக்கும் அதை விளக்கப் போனான். கால் போன மனிதர்கள் இன்னும் உயிரோடு இருக்கிற நாட்டில் அந்தப் பெட்டிக்கு முன்னால் ஒரு பிள்ளை சிரிப்பது நல்லாகவா இருக்கிறது? வாசலில் "தொடாதிர்கள்", பீரங்கிக்கு "பிரங்கி", கழிப்பறைக்குப் போகிற வழியில் ஒரு அம்புக்குறியும் எந்த மொழியிலும் இல்லாத ஒரு சொல்லும். 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி ஆகிவிட்டது, அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கே இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள். பலகையை அச்சுக்குக் கொடுக்க முதல் பக்கத்துப் பள்ளிக்கூடத்துத் தமிழ் டீச்சரிடம் ஒரு தரம் காட்டினால் போதும், காசு கூடக் கேட்க மாட்டார். சரி, இதை இத்தோடு விடுகிறேன். இதற்காக மட்டும் என்றால் மடல் எழுதியிருக்க மாட்டேன், கொழும்பில் இருக்கிற எங்களுக்கு இதெல்லாம் பழகிவிட்டது, பஸ்ஸில் ஏறினாலே தினம் இரண்டு கிடைக்கும்.

வெளியே அந்த 40 மி.மீ. போஃபர்ஸ் பீரங்கியில் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து சக்கரத்தைச் சுற்ற விட்டிருப்பது நல்ல காரியம். என் மகன் இறங்கவே மாட்டேன் என்றான். அப்பா அவனை "எம்டன், எறங்குடா" என்று அதட்டினார். எம்டன் என்றால் என்ன தாத்தா என்று அவன் கேட்க, 1914 செப்டெம்பரில் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டுவிட்டு இலங்கைப் பக்கம் கப்பல் கப்பலாக மூழ்கடித்துத் திரிந்த ஜெர்மன்காரனுடைய கப்பல் அது என்று அவர் சொன்னார். கப்பல் கொக்கோஸ் தீவுக்குப் பக்கத்தில் அதே வருடம் நவம்பரிலேயே அடிபட்டுப் போய்விட்டது, ஆனால் பெயர் மட்டும் எங்கள் வீடுகளில் வாலுப் பையன்களுக்கு நூறு வருடமாக நடக்கிறது. உங்கள் நூதனசாலையில் எம்டன் இல்லை, வைத்தால் நன்றாக இருக்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 1942 அறை.

அந்த அறையைச் செய்தவர் யாரோ ரசித்துச் செய்திருக்கிறார், அதை முதலில் சொல்ல வேண்டும். மேசையில் இந்து சமுத்திரத்தை நீலமாகப் பூசி, ஜப்பான் கடற்படைத் தளபதி நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களையும் மரத்தில் செதுக்கி வைத்திருக்கிறீர்கள். நாலு மாதத்துக்கு முன்னால் பேர்ல் ஹாபரை அடித்த அதே படை, அதே ஃபுச்சிடாவின் தலைமையில் விமானங்கள். ஏப்ரல் 4 பின்னேரம் தெற்கே கொக்கலை விமானத்தளத்திலிருந்து கற்றலீனா விமானத்தில் போன கனடாக்காரர் பேர்ச்சல் கடலில் அந்தக் கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பியது, செய்தி முடிய முதலே அவரைச் சுட்டு விழுத்தியது, அவர் கைதியாகப் போனது எல்லாம் பலகையில் இருக்கிறது. அடுத்த நாள் உயிர்த்த ஞாயிறு. காலை ஏழரை மணி போல நூறுக்கு மேற்பட்ட விமானங்கள் கொழும்புக்கு மேலே வந்தது, இரத்மலானையில் வெள்ளைக்காரனுடைய ஹரிக்கேன் விமானங்கள் இன்னும் தரையிலேயே நின்றது, கறுவாத்தோட்டத்தில் குதிரைப் பந்தயத் திடலை விமான ஓடுபாதையாக்கி அங்கேயும் ஒரு அணி ஒளிந்திருந்தது (இப்போது அந்த இடத்தில் ரக்பி விளையாடுகிறார்கள், பக்கத்தில் கடைத்தொகுதி), துறைமுகத்தில் ஹெக்டர், டெனடொஸ் என்ற கப்பல்கள் மூழ்கியது, அன்றைக்கே தெற்கே கடலில் கோர்ன்வோல், டோர்செட்ஷயர் என்ற இரண்டு பெரிய கப்பல்கள் 424 பேரோடு போனது. நாலு நாள் கழித்து ஏப்ரல் 9இல் திருகோணமலை, அதே நாள் மட்டக்களப்புக்கு வெளியே ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல், 307 பேர். எல்லாம் சரி. எந்த விமானத்துக்கு எத்தனை துப்பாக்கி, எந்தக் குண்டு எத்தனை கிலோ என்பது வரைக்கும் சரி.

அப்பா அந்தப் பலகையை மேலிருந்து கீழே ஒரு தடவை, பிறகு விரலை வைத்து இன்னொரு தடவை வாசித்தார். வாசித்துவிட்டு, "துறைமுகத்துல வேல செஞ்ச ஆள்கள எங்கம்மா போட்டிருக்கு?" என்று என்னைக் கேட்டார்.

எங்கேயும் போட்டிருக்கவில்லை.

என் தாத்தா கொழும்புத் துறைமுகத்தில் கப்பலுக்குக் கரி ஏற்றினவர். ஜிந்துப்பிட்டியில் ஒரு ஒழுங்கையில் ஒற்றை அறை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வேலை இருந்தது. பேர்ச்சலின் செய்தி கிடைத்ததும் முதல் நாள் இரவோடு இரவாகத் துறைமுகத்திலிருந்த கப்பல்களில் போகக்கூடியவற்றை வெளியே அனுப்பிவிட்டார்கள், அதனால்தான் சேதம் குறைவு என்று உங்கள் பலகையே சொல்கிறது. கப்பல்களுக்குச் சொன்னவர்கள் கரிக்காரனுக்குச் சொல்லவில்லை. தாத்தா வழக்கம்போலத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். ஆறு மாதப் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த அப்பாயி ஒழுங்கை முனையில் தண்ணிக் குழாயடியில் நின்றாராம். விமானங்கள் வந்தபோது எல்லோரும் வெள்ளைக்காரனுடைய பிளேன் என்று நினைத்துக் கையைக் காட்டினார்களாம், பிள்ளைகள் எண்ணினார்களாம். துறைமுகப் பக்கம் புகை எழும்பின பிறகுதான் குடத்தைப் போட்டுவிட்டு ஓடியது. அந்தக் குடத்தைத் திரும்பப் போய் எடுக்கவே இல்லை என்பதை அப்பாயி சாகும் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார், குண்டைப் பற்றிச் சொன்னதைவிட அந்தப் பித்தளைக் குடத்தைப் பற்றிச் சொன்னதுதான் கூட.

தாத்தா மத்தியானம் போல உடம்பெல்லாம் எண்ணெயும் கரியுமாக வந்து சேர்ந்தார். அவரோடு வேலை செய்த இரண்டு பேர் வரவில்லை. அவர்களுடைய பெயர் அப்பாயிக்கும் தெரியாது, ஒருவரை "திருச்சிக்காரர்" என்றும் மற்றவரை "நெட்டையர்" என்றும்தான் சொல்வார். அன்றைக்கு இரவே கொழும்பு காலியாகத் தொடங்கியது. கடைகள் பூட்டு, கோட்டை ரயில் நிலையத்தில் கால் வைக்க இடமில்லை, தலைமன்னார் வழியாக இந்தியாவுக்கு, ஊருக்கே போய்விடலாம் என்று ஒரு கூட்டம், மலைநாட்டுப் பக்கம் ஏறிவிடலாம் என்று இன்னொரு கூட்டம். துறைமுகத்தில் சாமான் இறக்க ஆளில்லாமல் போய்விட்டது என்று அந்தக் கால அரசாங்கமே தலையில் கை வைத்த கதை அது. தாத்தாவும் அப்பாயியும் பாதி தூரம் நடந்தும் பாதி தூரம் லொறியிலும் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்த சொந்தக்காரர் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கேதான் ஆடி மாதம் அப்பா பிறந்தார். "அந்தக் குண்டாலதான் நான் தோட்டத்துல பொறந்தேன்" என்று அவர் அடிக்கடி சொல்வார், நாங்களும் சிரித்துவிட்டு விட்டுவிடுவோம்.

உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் என்றால் இப்போது எல்லோருக்கும் 2019 ஏப்ரல் 21தான். கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம், அன்றைக்கு ஜன்னல் அதிர்ந்தது. அப்பா மட்டும் அன்று பின்னேரம் தன்பாட்டில் "ரெண்டாவது தரம்" என்று சொன்னார்.

இப்போது உங்கள் சிப்பாயைப் பற்றி. பெயர் தெரியாது, தெரிந்தாலும் எழுத மாட்டேன். அந்த அறையில் கடமையில் நின்ற இளம் பையன். அப்பா நிற்க முடியாமல் சுவரைப் பிடிப்பதைக் கண்டுவிட்டு எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஐயா, இருங்க, இருங்க" என்று தமிழில் சொன்னார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான், மிச்சத்தைச் சிங்களத்தில் பேசினோம். அப்பா இந்தக் கதையெல்லாவற்றையும் அவரிடம் சொன்னார். அவர் பலகையில் "கொக்கலை" என்ற சொல்லைக் காட்டி, தன்னுடைய பாட்டியின் அம்மாவுக்கு அதுதான் ஊர் என்றார். அங்கே விமானத்தளம் கட்டுவதற்காக 1942இல் வெள்ளைக்காரன் சனங்களை எழுப்பிவிட்டான், வீடு, தென்னந்தோட்டம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனார்கள். எழுத்தாளர் மார்ட்டின் விக்ரமசிங்கவின் பரம்பரை வீடு மட்டும் தப்பி நின்றது, இன்றைக்கு அது நூதனசாலையாக இருக்கிறது என்பது பல பேருக்குத் தெரியும். மற்ற வீட்டுக்காரர்கள் எங்கே போனார்கள் என்பது தெரியாது. "எங்கட வீட்டுல அந்தப் பாட்டி செத்துப்போற வரைக்கும் தேங்காய்க் கணக்குத்தான் சொன்னது" என்று அந்தப் பையன் சொன்னார். எத்தனை மரம், ஒரு மரத்தில் எத்தனை காய் என்று.

அப்பாயிக்குக் குடம், அவருடைய பாட்டிக்குத் தேங்காய். அப்பா அந்தப் பையனுடைய கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை. ஐயா, அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் நாங்கள் ஏழு மணித்தியாலம் வந்ததாக நான் இப்போது நினைக்கிறேன், ஆனால் அது உங்கள் பலகையில் எந்த மூலையிலும் இல்லை. பேர்ச்சல் ஏறிப் பறந்த தண்ணீருக்குக் கரையில் யாருடைய தென்னை நின்றது, அவர் காப்பாற்றிக் கொடுத்த துறைமுகத்தில் யார் கூடை சுமந்தது என்று இரண்டு வரி போட்டால் அந்த மனிதருடைய பெருமை ஒன்றும் குறைந்துவிடாது.

இதை ஏன் இவ்வளவு பிடிவாதமாகக் கேட்கிறேன் என்றால், எங்களுக்கு அது வெறும் பழங்கதையில்லை. கொழும்பை விட்டு ஓடும்போது தாத்தாவின் கடதாசிகள், வாடகைத் துண்டு, எல்லாம் அந்த ஒற்றை அறையோடு போய்விட்டது. பிறகு சுதந்திரம் வந்தது, 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது, தகப்பனும் இங்கேதான் பிறந்தார் என்று காட்டச் சொன்னது. அதைக் காட்ட முடியாத எங்களைப் போன்ற இந்திய வம்சாவளிக்காரருக்கு 1949இல் இன்னொரு சட்டம்: கலியாணம் கட்டினவர் என்றால் 1946 ஜனவரி 1க்கு முந்திய ஏழு வருடமும் விடாமல் இங்கே இருந்ததற்கு அத்தாட்சி கொண்டு வா என்று. கணக்குப் பாருங்கள், 1939இலிருந்து 1945 முடியும் வரை. நடுவில் 1942 ஏப்ரல் நிற்கிறது. அந்த மாதம் கொழும்பில் இருந்தவர் யார், ஓடியவர் யார், ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டுத் திரும்பி வந்தவர் யார் என்று எந்தக் கச்சேரியில் போய் எழுதி வாங்குவது? தாத்தா நாடற்றவராகவே செத்தார். அப்பாவுக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் கையில் கடதாசி வந்தது, அப்போது அவருக்கு 46 வயது தாண்டிவிட்டது, நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். ஆக, நகுமோவின் குண்டு எங்கள் வீட்டில் நாற்பத்தாறு வருடத்துக்கு வெடித்துக்கொண்டே இருந்தது. உங்கள் அறையில் அது காலை ஏழரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடிந்துவிடுகிறது.

அடுத்த மண்டபம், 1983இலிருந்து 2009 வரை. அதைப் பற்றி நிறைய எழுத மாட்டேன். அப்பா அதற்குள் வரவில்லை, வெளியே வேப்பமரத்தடியில் இருந்துகொண்டார். நானும் மகனும் போனோம். வழக்கம்போல அவன் சத்தமாகத் தமிழில் கேள்வி கேட்டுக்கொண்டு வந்தான், நான் என்னை அறியாமலே "மெதுவாக் கதை" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. அங்கே ஒருவரும் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குருநாகல் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து வந்த வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள், அவர்கள்பாட்டில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கொழும்பில் சோதனைச் சாவடிகளுக்கு நடுவில் வளர்ந்த எங்களுக்கு அது நாக்கில் ஒட்டிப்போன பழக்கம், அவை போய்ப் பதினைந்து வருடம் கடந்தும் நாக்கு மட்டும் இன்னும் அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறது. மண்டபத்தில் ஆயுதங்கள் இருக்கின்றன, அம்புக்குறி போட்ட வரைபடங்கள் இருக்கின்றன, விழுந்த சிப்பாய்களுடைய பெயர்கள் இருக்கின்றன, அவை இருக்கத்தான் வேண்டும். 1996 ஜனவரி 31இல் புலிகள் மத்திய வங்கியின் மேல் லொறிக்குண்டை மோதினபோது நான் கோட்டையில் ஒரு அலுவலகத்தில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். கண்ணாடி வெட்டின முகத்தோடு படியிறங்கின சனத்தில் யார் எந்த மொழி என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. அவர்களும் உங்கள் மண்டபத்தில் இல்லை, 2009இல் வன்னியில் செத்த சனமும் இல்லை. எதற்கு என்ன பெயர் வைப்பது என்று உங்களோடு இப்போது வாதாட வரவில்லை, அது பெரிய வழக்கு. ஆயுதம் இல்லாதவர்களும் செத்தார்கள் என்று மூன்று மொழியிலும் ஒரு வரி. பதினொரு வயசுப் பிள்ளை வாசித்துவிட்டு என்னிடம் கேள்வி கேட்கட்டும், நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் 1942 அறைக்கு அந்தச் சிக்கல்கூட இல்லையே ஐயா. அதில் யாருக்கும் யாரோடும் இன்றைக்குக் கோபமில்லை. அங்கேயிருந்து தொடங்கலாம். பேர்ச்சலின் படத்துக்குக் கீழே, ஜன்னலுக்குப் பக்கத்தில், ஒன்றுமே மாட்டாத வெறும் சுவர் ஒன்று இருக்கிறது, நான் கையால் அளந்தேன், நாலு சாண் அகலம் வரும். அன்றைக்குத் தரையில் நின்றவர்களுக்கு அந்தச் சுவரைக் கொடுங்கள். அங்கொடை மனநல மருத்துவமனையிலும் குண்டு விழுந்ததே, அதைப் போடுங்கள். கொக்கலைத் தென்னந்தோட்டங்களைப் போடுங்கள். வெலிக்கடையில் அந்த வருட ஆகஸ்டில் தூக்கிலிட்ட கிரேஷன் பெர்னாண்டோவையும் மற்ற இரண்டு பேரையும் போடுங்கள், கொக்கோஸ் தீவில் கலகம் செய்த இலங்கைப் பீரங்கிப் படைக்காரர்கள், உங்கள் துறைக்காரர்கள்தானே, அவர்களையும் காணவில்லை.

அப்புறம் ஒரு மேசை, ஒரு கொப்பி, மூன்று மொழியில் ஒரு அறிவித்தல்: உங்கள் வீட்டில் 1942 ஞாபகம் இருந்தால் சொல்லுங்கள் என்று. அந்தக் கதிரை கொண்டுவந்த பையனையே அங்கே உட்கார வையுங்கள், அவருக்குக் கேட்கத் தெரியும். ஃபோனில் பதிவு செய்தாலும் போதும், பெரிய செலவில்லை. அன்றைக்குப் பத்து வயசில் ஆகாயத்தைப் பார்த்து விமானம் எண்ணினவர்கள் இன்றைக்கு உயிரோடு இருந்தால் தொண்ணூறைத் தாண்டியிருப்பார்கள். கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்து மூன்று பேர் இருந்தார்கள், போன வருடம் ஒருவராகிவிட்டார். அவருக்கும் இப்போது காது கேட்பதில்லை, ஆனால் கதை சொல்லும்போது விரல் இன்னும் மேலே போகிறது.

சட்டைப் பை. வேப்பமரத்தடியில் வந்து பார்த்தபோது அப்பா எதையோ கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். தாத்தாவின் பித்தளைப் பில்லை. துறைமுக வேலைக்காரனுக்குக் கொடுக்கிறது, வட்டமாக, ஐந்து ரூபாய்க் குற்றியைவிடக் கொஞ்சம் பெரிது, கயிறு கோர்க்க மேலே ஒரு ஓட்டை, நடுவில் நாலு இலக்கம், அதில் கடைசி இலக்கம் தேய்ந்து 3ஆ 8ஆ என்று தெரியாது. அன்றைக்குக் கழுத்தில் கிடந்ததால் தப்பினது அது ஒன்றுதான். குடியுரிமைக்கு எழுதிப்போட்ட காலத்தில் தாத்தா அதைத்தான் கொண்டுபோய்க் காட்டினாராம், இதில் பெயர் இல்லையே என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். அப்பா அதை உங்களிடம் கொடுக்கத்தான் அவ்வளவு தூரம் வந்திருக்கிறார், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு எந்தப் பெட்டியில் வைப்பார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. பதக்கங்கள் இருக்கிற பெட்டியிலா, துப்பாக்கி ரவைகள் இருக்கிற பெட்டியிலா? யாரிடமும் கேட்காமலே திரும்பப் பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருக்கிறது. இடம் ஒதுக்கினால் சொல்லியனுப்புங்கள், கொண்டுவந்து தருகிறோம். அப்பாவுக்கு முழங்கால் இருக்கும்போதே என்றால் அவரே வருவார்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு கரிக்காரரின் பேத்தி